பனிமானுக்குள் ஒரு நாய்

அவளுக்கு நாய் என்றால் பயம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பூனை என்றால் பயம், பல்லி என்றால் பயம், கூண்டில் அடைத்த கிளி என்றாலும் பயம். புறா ஒன்று படபடவென்று எழும்பினால் குடையைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றுவிடுவாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இடத்துக்கு நேர்வழியில் எட்டு நிமிடம். அந்த வழியில் டயர்க் கடை வாசலில் காது அறுந்த செம்பட்டை நாய் ஒன்று படுத்திருக்கும். அதனால் அவள் தபால் நிலையத்தைச் சுற்றி, பெண்கள் விடுதியின் மதிலை ஒட்டி, இருபத்தைந்து நிமிடம் நடப்பாள். பதினோரு வருடமாக இதே சுற்று. மழையென்றாலும் மாற்றமில்லை.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலை, விலங்குகள் செய்வது.

கம்ப்யூட்டர் திரையில் நடமாடும் விலங்குகள். தரை ஓடு விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஸ்டுடியோ. ஏழு மேசை, ஒரு ஏசி, ஏசியில் சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி. பள்ளிப் பாடப் படங்களுக்குக் குதிரை, பால் விளம்பரத்துக்குப் பசு, சிமெண்ட் விளம்பரத்துக்குச் சிங்கம் என்று வேலை வரும். எலும்பு, உடம்பு, நடை எல்லாம் அவள் பொறுப்பு. தோலும் மயிரும் நிறமும் பக்கத்து மேசைக்காரன் பொறுப்பு. அதனால் ஸ்டுடியோவில் அவனுக்குத் தோல்காரன் என்றே பெயர். அவன் அவளுக்கு வைத்த பெயர் காட்டுராணி. கழிவறைத் தாழ்ப்பாளின் மேல் பல்லி உட்கார்ந்திருந்தது என்று அவள் முக்கால் மணி நேரம் உள்ளேயே நின்றாளே, அன்றைக்கு வைத்த பெயர்.

பயம் வந்த கதை பெரிய கதையில்லை. ஏழு வயதில், தாய்மாமா வேலை பார்த்த மர மில்லுக்கு அம்மா கொடுத்தனுப்பிய பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். மில் வாசலில் ஒரு நாயைக் கட்டியிருந்தார்கள். சங்கிலி இவ்வளவு தூரம்தான் வரும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு ஓரமாக நடந்தாள். கணக்கு இரண்டு சாண் தப்பியது. கெண்டைக்காலில் நாலு பல் இறங்கியது, அதற்கு வரிசையாக ஊசிகள். காயம் ஆறி, தழும்பும் மங்கிவிட்டது. ஆறாமல் நின்றது ஒன்றுதான்: பாய்வதற்கு முன்னால் அந்த நாய் நின்ற நிலை. தலை தாழ்ந்து, தோள் முன்னால் தள்ளி, இரண்டு கண்ணும் நேராக அவள் மேல்.

இந்தத் தொழிலில் ஒவ்வொருவரும் கைவசம் ஒரு எலும்புக்கூடு வைத்திருப்பார்கள். ஆரம்ப காலத்தில் பாடுபட்டுச் செய்தது. ஒவ்வொரு விலங்குக்கும் புதிதாக எலும்பு கோர்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. இருக்கும் கூட்டையே இழுத்து, குறுக்கி, மேலே வேறு உடம்பைப் போர்த்துவார்கள். கழுத்தை நீட்டினால் ஒட்டகம், காலைக் குறைத்தால் ஆடு. அதில் தப்பொன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். பயிற்சி நிலையத்தில் படிக்கும்போது நன்றாகத் தெரிந்த நாலுகால் பிராணி ஒன்றைச் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் திரையில் வந்து நின்றது மர மில் நாய். முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். அவளுக்கே முதல் மதிப்பெண்.

அதற்குப் பிறகு அவள் செய்த குதிரைக்குள்ளும் பசுவுக்குள்ளும் இருந்தது அந்த நாய்தான். இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது, யாருக்கும் தெரியாது. விலங்குகளின் வீடியோவைப் பார்க்கும்போது அவற்றின் தலை வரும் இடத்தில் மஞ்சள் காகிதச் சீட்டு ஒன்றைத் திரையில் ஒட்டிவிடுவாள். காலைப் பார்க்கலாம், முதுகைப் பார்க்கலாம். முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியாது. முகத்தை மனசிலிருந்து செய்வாள். மனசில் இருந்தது ஒரே முகம்.

அந்த வருடம் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வேலை வந்தது. மூன்றாவது மாடியில் வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவில் ஒரு நீண்ட நடைவழி. ஜன்னல் கிடையாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருக்கும். பெற்றவர்கள் அதுவரைதான் வரலாம். கோடு வருவதற்கு வெகுமுன்னாலேயே அழுகை ஆரம்பித்துவிடும். தலைமை நர்ஸ் அழுத்தமான ஆள், ஆனால் இந்த அழுகைக்கு மட்டும் அவரிடம் மருந்தில்லை. அவர் கேட்டது இது: இடப்பக்கச் சுவர் முழுக்கத் திரை, திரையில் பனிவெளி, பனியில் நிஜம் போல ஒரு மிருகம். வண்டி நகர்ந்தால் கூடவே நடக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். பொம்மை முகம் கூடாது. ஊசி அறையில் ஒட்டியிருக்கும் பொம்மைப் படங்களைப் பார்த்துப் பார்த்து, பொம்மை என்றாலே பிள்ளைகள் கத்துகிறார்களாம்.

என்ன மிருகம் என்பதையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார். துருவப் பக்கத்துப் பனியில் மேயும் ரெயின்டீர்.

"நாய்னு வச்சா பாதிப் பிள்ளைங்கள நாய் கடிச்சிருக்கும். மாடுன்னா முட்டியிருக்கும். இதை இங்க ஒரு பிள்ளையும் நேர்ல பார்த்ததில்ல. இதுமேல யாருக்கும் பழைய பயம் கிடையாது பாருங்க" என்றார்.

ஸ்டுடியோவில் அதற்குப் பனிமான் என்று பெயர் வைத்தார்கள். அவள் மூன்று நாள் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர் உருவம் தேடினாள். கிடைத்ததில் பாதி சிவப்பு மூக்கு வைத்த கேலிப்படம். ஒன்றுக்குக் கொம்பு பின்பக்கம் திரும்பியிருந்தது. இன்னொன்று சுவரில் மாட்டும் வெறும் தலை. கடைசியில் அச்சு அசலாக ஒன்று அகப்பட்டது: மூக்கு நுனிவரை மயிர், கழுத்தின் அடியில் தொங்கும் வெள்ளைக் கற்றை, பனியில் புதையாதபடி அகலமாக விரியும் குளம்பு. ஆனால் அது வெறும் வெளியுருவம். உள்ளே எலும்பு இல்லை, நடக்காது. அவளுக்கு அது ஒரு பொருட்டா? தன் கூட்டை எடுத்தாள், காலை நீட்டினாள், தோளை உயர்த்தினாள், உள்ளே செருகினாள். மூன்றாம் வாரம் பனிமான் நடந்தது. தோல்காரன் அதற்கு மயிர் மயிராகப் பனித்துகள் ஒட்டினான். முதலாளி நாற்காலியைச் சுழற்றிவிட்டு, இதைப் பார்த்தாலே குளிருது என்று ஏசியை நிறுத்தச் சொன்னார்.

சோதனைக்காக வார்டு வாசலில் நான்கு திரைகளை மட்டும் பொருத்தினார்கள். தலைமை நர்ஸ் ஒரு சிறுமியைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு வயதிருக்கும். வலது கையில் மாவுக்கட்டு. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதால் அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் திரும்பவும் ஆபரேஷன். ஒருமுறை அந்த நடைவழியில் போய்வந்தவள் என்பதால் அவளுக்கு எல்லாம் தெரியும். கூடவே அவள் அம்மா.

திரை விழித்தது. பனிமான் பக்கத்தில் வந்தது, தலையைத் தாழ்த்தியது, சிறுமியைப் பார்த்தது.

சிறுமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. நாற்காலியில் பின்னால் பின்னால் சரிந்து, மாவுக்கட்டை முகத்துக்குக் குறுக்கே தூக்கிவைத்துக்கொண்டாள்.

"அது என்னையே பாக்குது. கடிக்கப் போகுது" என்றாள், மிக மெதுவாக.

அடுத்து வந்த பையனுக்குப் பத்து வயது. எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டு எதிர்ச் சுவரை உரசிக்கொண்டே நடந்தான். தலைமை நர்ஸ் யாரையும் திட்டவில்லை. இந்தப் பொண்ணோட ஆபரேஷன் நாள் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் சரியாகாவிட்டால் திரையைக் கழற்றிவிட்டுச் சுவருக்கு நீலம் அடிக்கச் சொல்லிவிடுவேன் என்றார். திரும்பி வரும் வழியில் தோல்காரன் மயிரின் நிறத்தைக் கொஞ்சம் வெளிறலாக்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கடிக்கப் போகுது என்ற வார்த்தையை அவள் ஏழு வயதில் தனக்குள் சொல்லியிருக்கிறாள், அதே மெதுவான குரலில். தான் கொண்டுபோய் ஆஸ்பத்திரிச் சுவரில் நிறுத்தியது என்ன என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலில்லாத நடைவழியில், கட்டிப் படுக்கவைத்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில், சங்கிலி இல்லாமல் அதை அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

அன்று இரவு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். என்ன ஏதென்று கேட்டு, நாய், எலும்புக்கூடு, மஞ்சள் சீட்டு என்று எல்லாவற்றையும் அவள் வாயிலிருந்து வாங்கிவிட்டான்.

"ஆக, இத்தனை வருஷமா உன் குதிரைக்குள்ள நாய். அதான் அந்தச் சிமெண்ட் விளம்பரத்துச் சிங்கம் வாலாட்டுச்சா" என்றான்.

அவள் சிரிக்காததைப் பார்த்துத் தட்டை நகர்த்திவைத்தான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் தான் என்ன பேசுவான் என்று சொன்னான். "பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்லவே மாட்டேன். சொன்னா இன்னும் நடுங்குவாங்க. வெளியதான் நிக்கிறேன், எனக்கும் உள்ள படபடன்னுதான் இருக்குன்னு சொல்லுவேன். அப்பத்தான் மூச்சு கொஞ்சம் சீராகும்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊர்ப் பூங்காவில் மான்கள் இருக்கும் வேலிப்பக்கம் போனார்கள். பனிமானுக்கும் இவற்றுக்கும் கொம்பும் குளம்பும் வேறு. இருந்தாலும் சாதி ஒன்றுதானே. அவள் வேலிக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள். கையில் நோட்டு, ஒட்டுவதற்கு இங்கே மஞ்சள் சீட்டு கிடையாது. தன்னைத் தானே பிடித்துத் தள்ளுவதுபோல் ஓரடி எடுத்துவைத்தாள். காலடியில் சரளைக்கல் நொறுங்கியது.

வேலிக்குள் இருந்த அத்தனை காதும் திரும்பின.

ஒரு மானும் அவளை நேராகப் பார்க்கவில்லை. முகம் வேறெங்கோ பார்த்திருந்தது, கண் மட்டும் பக்கவாட்டில் அவளைப் பிடித்திருந்தது. பாரம் முழுக்கப் பின்கால்களில். முன்கால் ஒன்று தரைக்கு மேல் தூக்கியபடி, வைப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றது. தோளில் தோல் துடித்தது. மூச்சு விடுகிறதா என்றே சந்தேகம்.

"இந்த நிலைய நான் எங்கயோ பார்த்திருக்கேன்" என்றான் கணவன். "தினமும் காலைல நம்ம தெரு முக்குல, நீ நிக்கிறப்ப."

அவள் நோட்டில் ஒரு கோடும் போடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். இவற்றை யாரும் கடிக்கும் பிராணி என்று சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான் செய்துவைத்தாள். திரும்பி வரும்போது பேருந்தில் வைத்து, நாளைக்குக் காலையில் உங்களால் ஒரு வீடியோ எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

எதை என்று கேட்டான்.

"என்னை. டயர்க் கடைப் பக்கமா நடந்து போறேன். பின்னால, பக்கத்துல, எல்லாப் பக்கமும் எடுங்க. நான் ஓடிட்டாலும் நிறுத்தாதீங்க."

நடிகர்களை நடக்கவிட்டுப் படம் எடுத்து அதைப் பார்த்து விலங்குக்கு நடை கொடுப்பது இந்தத் தொழிலில் புதிதில்லை. ஆனால் நடிப்பு இங்கே உதவாது என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் டயர்க் கடை இன்னும் திறக்கவில்லை. இறக்கிவிட்ட ஷட்டருக்கு முன்னால் நாய் படுத்திருந்தது. அவள் தெருவுக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கியது. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கிழிந்த போஸ்டரைப் பார்த்தபடி நடந்தாள். பார்த்தது போஸ்டரை, பார்வையில் இருந்தது நாய். ஆறடி. நாலடி. நாய் எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. அவளுக்குக் காலும் இல்லை, தெருவும் இல்லை, நடுவில் எதுவோ அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு போனது. பின்னால் நகங்கள் தார் ரோட்டில் படும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. திரும்பினால் முடிந்தது என்று நினைத்தாள். தெரு முடிவில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டபோதுதான் அந்தச் சத்தம் நின்றுவிட்டது தெரிந்தது. நாய் தன் எல்லை வரை வந்துவிட்டு, அங்கிருந்த கல்லை முகர்ந்துகொண்டிருந்தது. அவள் பூட்டியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

வீடியோ ஒரு நிமிடம் பத்து வினாடி. அதை அவள் சீட்டு ஒட்டாமல் பார்த்தாள்.

ஸ்டுடியோவுக்குப் போய் முதலாளியிடமும் தோல்காரனிடமும் உள்ளதைச் சொன்னாள். முதலாளி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"அப்ப நாம இத்தனை நாளா எல்லாருக்கும் ஒரே நாயத்தான் குடுத்துட்டிருந்தோமா?" என்றார்.

"தோல் வேற வேற சார்" என்றான் தோல்காரன். அவன் சொன்ன விதத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாள் ஏழுதான் பாக்கி என்பதையும், புதுக் கூடு நடக்காமல் போனால் சுவர் நீலமாவதோடு, இதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்த இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளும் கைவிட்டுப் போகும் என்பதையும் சிரிப்பு முடிந்ததும் சொன்னார்.

பழைய கூட்டை அவள் தொடவில்லை. வெறுமையிலிருந்து எலும்பு எலும்பாகக் கோர்த்தாள். இதுவும் தப்பாகிவிட்டால் அந்தச் சிறுமி மாவுக்கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு அந்தக் கதவுக்குள் போவாள். பாரத்தைப் பின்காலுக்கு மாற்றினாள். கண்களைப் பக்கத்துக்குத் தள்ளினாள். காதுகளுக்குத் தனித்தனி அசைவு கொடுத்தாள். பனிமான் நடக்கும்போது கணுக்காலில் தசைநார் வழுக்கி டிக் டிக் என்று சத்தம் வருமாம். பனிமூட்டத்தில் ஒன்றையொன்று பார்க்க முடியாவிட்டாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்தே மந்தை சேர்ந்து போகும் என்று படித்திருந்தாள். அதையும் சேர்த்தாள். நடையை மட்டும் வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் பத்து வினாடி வீடியோவிலிருந்து எடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். திரைகள் இப்போது நடைவழி முழுக்கப் பொருத்தியிருந்தன. ஒத்திகை பார்க்க நேரமில்லை. சிறுமியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பச்சை உடை, தலையில் தொப்பி. திரை வெளிச்சமானதும் இடது கை அம்மாவின் விரல்களை இறுக்கியது.

பனிமான் வந்தது. சிறுமியைப் பார்க்கவில்லை. ஓரடி முன்னால் நின்று, ஒரு காதை மட்டும் வண்டிப் பக்கம் திருப்பி, முன்காலைத் தூக்கியபடி காத்திருந்தது. வண்டி நகர்ந்தது. டிக். அதுவும் நகர்ந்தது. டிக். டிக். சக்கரம் தரை இணைப்பில் தடதடத்தபோது அதன் தோள் வெடவெடத்தது.

"அதுக்குப் பயமா இருக்கு" என்றாள் சிறுமி.

தலைமை நர்ஸ் திரும்பி இவளைப் பார்த்தார். பயப்படும் பிள்ளைக்குப் பயப்படும் மிருகத்தைக் கொடுத்திருக்கிறாள். சொல்லவும் கூச்சம், மறைக்கவும் வழியில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று நினைத்துச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

சிறுமி அம்மாவின் விரல்களை விட்டாள். கையை நீட்டித் திரையில் வைத்தாள். குளிர்ந்த கண்ணாடி, மானின் விலாவுக்குக் கொஞ்சம் கீழே.

"நான் போன தடவையே போயிருக்கேன்" என்று அதனிடம் சொன்னாள். "மாஸ்க் போடுவாங்க. நாறும். அப்புறம் ஒண்ணும் தெரியாது. வா."

கை கண்ணாடியை உரசிக்கொண்டே வந்தது. மஞ்சள் கோட்டில் அம்மா நின்றாள். வண்டி கோட்டைத் தாண்டியது, கதவு திறந்தது, மூடியது. அழுகைச் சத்தம் வருகிறதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஏதோ ஒரு தட்டு வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

திரை அந்தக் கதவோடு முடிந்தது. பனிமான் அங்கேயே நின்றது. வண்டி போன பிறகு அது என்ன செய்ய வேண்டும் என்று இவள் யோசித்திருக்கவில்லை. அதனால் ஒரு காதைக் கதவுப் பக்கம் வைத்து, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அம்மாவும் ஏறத்தாழ அப்படியே நின்றாள்.

தலைமை நர்ஸ் சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். அடுத்த வாரம் இன்னும் மூன்று பிள்ளைகள் போகணும், அதுக்குள்ள இந்த ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க என்று இவளிடம் சொல்லிவிட்டு, திரையை அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்க சிஸ்டர்" என்றாள் அந்த அம்மா. "அவ வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

நர்ஸ் ரிமோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். இவளுடைய போன் அதிர்ந்தது. என்னாச்சு என்று முதலாளி கேட்டிருந்தார். நிக்குது என்று மட்டும் பதில் அனுப்பினாள். பிறகு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கமே, இவளும் கதவைப் பார்த்து நின்றாள். இவள் முழங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. திரையில் மானின் தோளும்.